பட்டியல் எங்கே, தம்பி?



மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. "பழைய நினைவும் இருக்கணும், பசங்களுக்கு உபயோகமாவும் இருக்கணும், ஏதாவது சரித்திரமா எழுதிக் கொடுங்க" என்றார்கள். சரித்திரம் என்றதும் ராஜராஜ சோழனையோ, மதுராந்தகம் ஏரியையோ எழுதிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அவற்றை எழுத ஆட்கள் நிறைய. நான் பிழைப்பது கணிப்பொறித் துறையில். ஆகவே அந்தத் துறையில் ஒரு சின்ன விஷயத்தின் சரித்திரத்தை எழுதுகிறேன். ஒரு சாஃப்ட்வேர் பேக்கேஜ் என்றால் என்ன, அதற்குள் என்ன இருக்கிறது, அதற்கு வேறு எதெது தேவை என்பதைக் கணிப்பொறிக்கு எப்படிச் சொல்வது என்பதே அந்த விஷயம். நீட்டி முழக்கி ஒரு நிரல் எழுதிச் சொல்வதா, நாலு வரிச் சாதாரணப் பட்டியலாக எழுதி வைப்பதா? கேட்க அற்பமாக இருக்கும். இந்தக் கேள்வியில் நான் ஒருமுறை நன்றாக மாட்டிக்கொண்டேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2003-ஆம் வருஷம். படாளம் கூட்டுரோட்டில் பஸ் இறங்கி, டீக்கடையில் ஒரு டீ, பிறகு நடை. கரும்பு வெட்டும் காலமானால் சர்க்கரை ஆலைக்குப் போகும் டிராக்டர்களுக்கு வழிவிட்டு ஓரமாக நடக்க வேண்டும். லேபில் பன்னிரண்டு மிஷின்களில் ரெட் ஹாட் லினக்ஸ் போட்டிருந்தோம். அதில் தமிழ் தெரிய வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. பரணர் என்ற சங்கப் புலவர் பெயரில் ஒரு இலவச எழுத்துரு உண்டு. அதையும் இன்னும் சிலவற்றையும் பன்னிரண்டு மிஷினிலும் போட ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினேன். முந்நூற்றுச் சொச்சம் வரி. எந்த வெர்ஷன் என்று அதுவே கண்டுபிடிக்கும், பழைய ஃபோல்டரை அழிக்கும், புதியதை வைக்கும், முடிந்ததும் ‘வணக்கம்’ என்று சொல்லும். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த வருஷமே லேபை ரெட் ஹாட் 9-க்கு மாற்றினார்கள். எழுத்துருக்களைக் கையாளும் முறையே இடையில் மாறியிருந்தது. தமிழ் மன்ற விழா அழைப்பிதழ் அச்செடுக்க வேண்டிய நாளுக்கு முதல்நாள் என் ஸ்கிரிப்டை ஓட்டினேன். அது தன் கடமையைப் பாதி செய்தது. பழையதை அழித்தது. புதியதை வைக்கப்போன இடம் அங்கே இல்லாததால் நின்றுவிட்டது. பன்னிரண்டு மிஷினிலும் தமிழுக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தது. ‘வணக்கம்’ மட்டும் ஆங்கில எழுத்தில் எழுதியிருந்ததால் ஒழுங்காக வந்தது.

லேபைப் பார்த்துக்கொண்ட பெரியவர் ஒருவர் உண்டு. கணிப்பொறி படித்தவர் அல்ல, ஸ்டாக் ரிஜிஸ்டர் எழுதியே பழுத்தவர். பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, உன் ப்ரோக்ராம் என்னென்ன வெச்சுது, எங்கெங்க வெச்சுதுன்னு ஒரு பட்டியல் இருக்கா?"

"ப்ரோக்ராமைப் படிச்சா தெரியும் சார்."

"படிக்கத் தெரிஞ்சா நான் ஏம்பா உன்னைக் கேக்கறேன்? பட்டியல் எங்கே, தம்பி?"

பட்டியல் இல்லை. அது முந்நூறு வரிக்குள் அங்கங்கே சிதறிக் கிடந்தது. எனக்கே அதைத் திரட்டிச் சொல்ல ராத்திரி பத்து மணி ஆயிற்று. அழைப்பிதழைக் கடைசியில் செங்கல்பட்டில் ஒரு அச்சகத்தில் கொடுத்தோம்.

அந்தப் பெரியவர் கேட்ட கேள்வியைப் பத்து வருஷத்துக்கு முன்பே அமெரிக்காவில் ஒரு மாணவர் கேட்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

லினக்ஸ் வந்த புதிதில் சாஃப்ட்வேர் என்பது ஒரு மூட்டை, அவ்வளவுதான். மூட்டையைப் பிரித்துக் கொட்டினால் ஃபைல்கள் மூலைக்கொன்றாகப் போய் உட்காரும். எது எந்த மூட்டையிலிருந்து வந்தது என்று பிறகு யாருக்கும் தெரியாது. ஒன்றை எடுத்துவிட நினைத்தால் கூடவே வேறெதுவோ உடையும். 1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் என்ற கல்லூரி மாணவர் டெபியன் என்றொரு லினக்ஸ் தொகுப்பை அறிவித்தார். (தோழி டெப்ராவின் பெயரில் பாதி, தன் பெயர் இயன். இந்தக் காலத்துப் பசங்களுக்கு இது பிடிக்கும்.) பல ஊர்களில் இருக்கும், ஒருவரையொருவர் பார்த்தேயிராத ஆட்கள் ஆளுக்கொரு மென்பொருளைப் பொட்டலம் கட்டி அனுப்ப வேண்டும், எல்லாம் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்பது அவர் திட்டம். முகம் தெரியாத ஆட்கள் சேர்ந்து வேலை செய்ய வேண்டுமானால் எல்லாருக்கும் ஒரே மாதிரிப் படிவம் வேண்டும். டிபிகேஜி என்ற கருவி அதற்காகப் பிறந்தது. இயன் ஜாக்சன் என்பவர் 1994-ல் அதைத் திரும்ப எழுதி உருப்படுத்தினார்.

அந்தப் பொட்டலத்துக்குள் ‘கன்ட்ரோல்’ என்று ஒரு சின்ன ஃபைல் இருக்கும். வெறும் எழுத்து. இடப்பக்கம் ஒரு தலைப்பு, ஒரு முக்காற்புள்ளி, வலப்பக்கம் விடை. பேக்கேஜ்: இன்னது. வெர்ஷன்: இன்னது. மெயின்டெய்னர்: இன்னார். டிபெண்ட்ஸ்: இன்னின்னது இருந்தால்தான் இது ஓடும். டிஸ்க்ரிப்ஷன்: இது எதற்கு. அவ்வளவுதான். இந்த அமைப்பும் அவர்கள் கண்டுபிடித்ததல்ல. மின்னஞ்சலின் தலையில் ‘ஃப்ரம்’, ‘டூ’, ‘சப்ஜெக்ட்’ என்று வருகிறதே, 1982-ல் அதற்கு விதி எழுதி வைத்தார்கள். அதே விதியை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பொட்டலத்தின் விவரம் முடிந்தால் ஒரு வெற்று வரி. அப்படியானால் விளக்கத்துக்கு நடுவில் பத்தி பிரிக்க வெற்று வரி வேண்டுமென்றால் என்ன செய்வது? ஒரு இடைவெளி விட்டு ஒரு புள்ளி வை, அதை வெற்று வரி என்று எடுத்துக்கொள்கிறேன் என்றார்கள். முப்பது வருஷமாக அந்தப் புள்ளி அங்கே உட்கார்ந்திருக்கிறது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெரியவரின் ரிஜிஸ்டரில் வெற்றுக் கட்டத்தில் போட்ட சின்னக் கோடு ஞாபகம் வரும்.

உறவைச் சொல்லும் வார்த்தைகளில்தான் ருசியே. டிபெண்ட்ஸ் என்றால் அவசியம். ரெக்கமெண்ட்ஸ் என்றால் சிபாரிசு, இல்லாவிட்டாலும் நடக்கும். சஜஸ்ட்ஸ் என்றால் வெறும் யோசனை. சாதத்துக்குக் குழம்பு அவசியம், அப்பளம் சிபாரிசு, பாயசம் யோசனை. கான்ஃப்ளிக்ட்ஸ் என்றால் இரண்டும் ஒரே வீட்டில் இருக்க முடியாது. ப்ரொவைட்ஸ் என்றால் ‘என் பெயர் வேறு, ஆனால் அந்த வேலையை நானும் செய்வேன்’. கடிதம் அனுப்பும் மென்பொருள் ஒன்று வேண்டும் என்று ஒரு பேக்கேஜ் கேட்டால் எக்ஸிம் இருந்தாலும் சரி, போஸ்ட்ஃபிக்ஸ் இருந்தாலும் சரி.

இதில் கவனிக்க வேண்டியது, இந்தக் கன்ட்ரோல் ஃபைல் எதையும் செய்யாது. அது சொல்லும், அவ்வளவே. கட்டுவதற்கு வேண்டிய செய்முறை ‘ரூல்ஸ்’ என்ற தனி ஃபைலில். போடும்போதும் எடுக்கும்போதும் ஏதாவது ஓட்ட வேண்டியிருந்தால் அதற்கும் தனி ஃபைல். சொல்வது ஒரு பக்கம், செய்வது ஒரு பக்கம். நம் ஊர்க்காரர்களுக்கு ஒரே வார்த்தையில் விளக்கலாம்: சர்க்கரை ஆலையின் வெட்டு உத்தரவு. அதில் விவசாயி பெயர், ஊர், கரும்பு என்ன ரகம் என்றெல்லாம் இருக்கும். அரிவாளை எப்படிப் பிடிப்பது என்று இருக்காது. அது வெட்டுகிறவருக்குத் தெரியும். அதனால்தான் அந்தச் சீட்டை விவசாயியும் படிக்கலாம், டிராக்டர்காரரும் படிக்கலாம், எடைமேடைக்காரரும் படிக்கலாம்.

ரெட் ஹாட் கம்பெனியில் மார்க் ஈவிங், எரிக் ட்ரோன் இருவரும் 1995-ல் ஆர்பிஎம் என்ற கருவியைக் கொண்டுவந்தார்கள். அவர்களது ‘ஸ்பெக்’ ஃபைலில் விவரமும் செய்முறையும் ஒரே தாளில். மேலே பெயர், வெர்ஷன், கீழே எப்படிக் கட்டுவது, கடைசியில் எந்தெந்த ஃபைல் என்ற பட்டியல். ஒரே இடத்தில் எல்லாம் கிடைப்பது சௌகரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் உள்ளே ‘இப்படியானால் அப்படி’ என்று நிபந்தனைகளும் மேக்ரோக்களும் புகுந்துவிட்டால், அதை விரித்துப் பார்க்காமல் இந்தப் பொட்டலத்துக்கு என்ன தேவை என்று சொல்ல முடியாது. கட்டி முடித்த பொட்டலத்தின் தலையில் எல்லாம் பட்டியலாகத்தான் இருக்கும் என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். அன்று நான் பரணரை ஒழுங்காக ஆர்பிஎம் பொட்டலமாகக் கட்டியிருந்தால் பெரியவருக்கு ஒரே கட்டளையில் பட்டியலை எடுத்துக் காட்டியிருப்பேன்.

பட்டியலாக எழுதி வைத்ததால் என்ன பெரிய லாபம் என்று கேட்கலாம். எழுதியவர் நினைத்தே பார்க்காத காரியத்துக்கு மற்றவர்கள் அதைப் பயன்படுத்தலாம், அதுதான் லாபம். இதற்கு உதாரணம் நம் மண்ணிலேயே இருக்கிறது. ஆற்காட்டு நவாபிடமிருந்து செங்கல்பட்டு ஜாகீர் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபின், 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற இன்ஜினீயர் இங்கே சுமார் 2000 கிராமங்களைக் கணக்கெடுத்தார். ஊர் ஊராக வீடு எத்தனை, நிலம் எவ்வளவு, ஏரி குளம் என்னென்ன, மானியம் யாருக்கு என்று ஒரே மாதிரி விவரம். அதற்கு ஆதாரமான கணக்குகள் தமிழில், பனை ஓலையில். கம்பெனிக்கு வேண்டியிருந்தது வரி. இருநூறு வருஷம் கழித்துத் தரம்பால் போன்ற ஆராய்ச்சியாளர்கள் அதே கணக்கைப் புரட்டி, அந்தக் காலத்துக் கிராமம் எப்படி நடந்தது, என்ன விளைந்தது என்று எழுதினார்கள். ஒவ்வொரு ஊரையும் அந்தந்தக் கணக்குப்பிள்ளை தன் இஷ்டப்படி கதையாக எழுதி வைத்திருந்தால் இது நடந்திருக்குமா?

டெபியனிலும் இதுவே நடந்தது. 2004-ல் ஐரோப்பாவில் ஈடாஸ் என்றொரு ஆராய்ச்சித் திட்டம் தொடங்கியது. ரொபெர்ட்டோ டி கோஸ்மோ முதலானவர்கள் அத்தனை கன்ட்ரோல் விவரங்களையும் மொத்தமாக எடுத்து, எதற்கு எது தேவை என்று கணக்குப் போட்டார்கள். ஒரு மென்பொருளைக்கூட ஓட்டவில்லை, பட்டியலை மட்டும் படித்தார்கள். எவ்வளவு முயன்றாலும் எந்த மிஷினிலும் போடவே முடியாத பேக்கேஜ்கள் உள்ளே இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ‘இவற்றையெல்லாம் ஒன்றாகப் போட முடியுமா’ என்ற கேள்வியே கணிதத்தில் மிகக் கடினமான வகையைச் சேர்ந்தது என்றும் நிரூபித்தார்கள். என்பி-கம்ப்ளீட் என்று சிலபஸில் படித்து மறந்திருப்பீர்களே, அதேதான். 1996-ல் டெபியன் 1.1 வந்தபோது 474 பேக்கேஜ்கள். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ல் 69,830. படிவம் அன்று போட்டதுதான்.

இனி நம் தமிழுக்கு வருவோம். டெபியனில் தமிழ் எழுத்துருக்களின் பேக்கேஜுக்கு முதலில் ‘டிடிஎஃப்-தமிழ்-ஃபான்ட்ஸ்’ என்ற பாணியில் பெயர். டிடிஎஃப் என்பது எழுத்துரு ஃபைலின் ஒரு வகை மட்டுமே, வேறு வகையும் வந்துவிட்டதே என்று 2010-களின் தொடக்கத்தில் எல்லா எழுத்துருப் பேக்கேஜ்களுக்கும் பெயர் மாற்றினார்கள். இப்போது ‘ஃபான்ட்ஸ்-டாம்ல்’. டாம்ல் என்பது தமிழ் எழுத்து முறைக்கு உலகத் தர அமைப்பு கொடுத்த நாலெழுத்துக் குறியீடு. உச்சரித்தால் பல்வலி வந்தவன் பேசுவது போல இருக்கும், அது வேறு விஷயம். இந்த ஃபான்ட்ஸ்-டாம்ல் பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே ஒரு எழுத்துருகூடக் கிடையாது. காலிப் பெட்டி. அதன் கன்ட்ரோல் ஃபைலில் லோஹித், சம்யக் என்று மற்ற தமிழ் எழுத்துருப் பேக்கேஜ்களின் பெயர்கள் மட்டும் இருக்கும். ‘இதைப் போடு’ என்றால் பட்டியலில் உள்ள எல்லாம் வந்துவிடும். நான் முந்நூறு வரியில் செய்யப் பார்த்ததை ஒரே ஒரு வரி செய்கிறது. பரணரும் அங்கே இருக்கிறார், ‘ஃபான்ட்ஸ்-டாம்ல்-டிஎஸ்சியூ’ என்ற இன்னொரு பேக்கேஜில்.

பழைய பெயரில் வைத்திருந்தவர்கள் கதி? அதற்கும் பட்டியலிலேயே வழி இருக்கிறது. பழைய பெயரில் ஒரு காலிப் பெட்டியை வைத்து, அதன் தேவையாகப் புதிய பெயரை எழுதிவிடுவார்கள். நமக்கு இதெல்லாம் பழக்கமான சமாசாரம். படாளம் ஒரு காலத்தில் செங்கை எம்ஜிஆர் மாவட்டம், பிறகு காஞ்சிபுரம் மாவட்டம், 2019 நவம்பர் முதல் செங்கல்பட்டு மாவட்டம். என் சான்றிதழ்களில் ஒரே ஊருக்கு இரண்டு மாவட்டம் இருக்கிறது. யார் கேட்டாலும் ப்ரொவைட்ஸ் என்று சொல்லிக்கொள்கிறேன்.

2005-ல் மத்திய அரசு திறமூல மென்பொருளுக்கென்று ஒரு தேசிய மையம் அமைத்தது. குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் உள்ள ஏயு-கேபிசி ஆராய்ச்சி மையமும் சென்னை சி-டாக்கும் அதில் சேர்ந்து வேலை செய்தன. அங்கிருந்து வந்ததுதான் பாஸ் லினக்ஸ். அடிப்படை டெபியன்தான், அதில் இந்திய மொழிகளைச் சேர்த்தார்கள். 2011 முதல் தமிழக அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்பில் விண்டோஸோடு இதையும் போட்டுக் கொடுத்தார்கள். நம் இளைய பட்டதாரிகளில் பலர் அந்த லேப்டாப்போடுதான் கல்லூரிக்கு வந்திருப்பீர்கள். பெரும்பாலோர் விண்டோஸை மட்டும் திறந்து படம் பார்த்திருப்பீர்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பரணில் அது இன்னும் உயிரோடு கிடந்தால் பாஸ் லினக்ஸில் திறந்து, ‘வார்’ ஃபோல்டருக்குள் ‘லிப்’, அதற்குள் ‘டிபிகேஜி’, அதற்குள் ‘ஸ்டேட்டஸ்’ என்ற ஃபைலைத் திறந்து பாருங்கள். எந்தச் சாமானும் வேண்டாம், சாதாரண எடிட்டர் போதும். உங்கள் மிஷினில் உள்ள ஒவ்வொரு பேக்கேஜும் முக்காற்புள்ளி போட்டு வரிசையாக எழுதப்பட்டிருக்கும். 1990-களில் வகுத்த படிவம், அரசாங்க லேப்டாப்பில்.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் சொல்ல வேண்டும், அவர்கள் லேசுப்பட்டவர்கள் அல்ல. நெதர்லாந்தில் ஈல்கோ டோல்ஸ்ட்ரா 2003-ல் தொடங்கிய நிக்ஸ், பேக்கேஜை வர்ணிக்கவே ஒரு தனி நிரல் மொழியை உண்டாக்கியது. ஒரே மென்பொருளை நாலு விதமாகக் கட்ட வேண்டுமானால் நாலு பட்டியலா எழுதுவாய், கணக்குப் போட்டு வரவழைக்க வேண்டாமா என்பது வாதம். 2012-ல் வந்த க்விக்ஸ் இன்னும் ஒரு படி மேலே, ஸ்கீம் மொழியில் எழுது என்றது. சக்தி வாய்ந்த கருவிகள், நானே பயன்படுத்துகிறேன். ஆனால் அந்த க்விக்ஸ்காரர்களே, எளிய பேக்கேஜ் என்றால் ஜேசன் வடிவத்தில் வெறும் தகவலாகக் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறோம் என்று ஒரு வாசலைத் திறந்து வைத்தார்கள். எனக்கு அதில் ஒரு அல்ப சந்தோஷம்.

பைதான் மொழிக்காரர்கள் எதிர்த்திசையிலிருந்து வந்தார்கள். 2000-ஆம் ஆண்டு முதல் அவர்கள் பேக்கேஜை ‘செட்டப்’ என்ற ஒரு நிரலால்தான் வர்ணித்தார்கள். இதற்கு என்ன தேவை என்று தெரிய வேண்டுமா, அந்த நிரலை ஓட்டிப் பார். ஓட்டுவதற்கே சில சாமான் தேவை. அது என்ன சாமான் என்று தெரிய வேண்டுமா, ஓட்டிப் பார்! பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதை. 2016-ல் டோமல் என்ற எளிய வடிவத்தில் ஒரு தகவல் ஃபைலைக் கொண்டுவந்து முதல் முடிச்சை அவிழ்த்தார்கள். 2020-ல் பெயர், வெர்ஷன், தேவைகள் எல்லாவற்றையுமே அதில் எழுத வகை செய்தார்கள். டெபியன் தொண்ணூறுகளில் வந்து சேர்ந்த இடத்துக்கு வர இருபது வருஷம்.

பட்டியல் என்றாலே புனிதம் என்று நினைக்க வேண்டாம். வடிவத்துக்கு வடிவம் ஒரு கோணல் உண்டு. ஜேசனில் குறிப்பு எழுத இடமே இல்லை. ‘இந்த வெர்ஷனை ஏன் கட்டிப்போட்டேன்’ என்று பின்னால் வருகிறவனுக்கு ஒரு வரி எழுத முடியாது. யாமல் என்ற வடிவம் அதிபுத்திசாலி. அதில் 3.10 என்று மேற்கோள் குறி இல்லாமல் எழுதினால் எண் என்று நினைத்துக்கொண்டு கடைசிச் சைபரை விழுங்கி 3.1 ஆக்கிவிடும். 2021 அக்டோபரில் பைதான் 3.10 வந்தபோது உலகம் முழுக்கப் பலர் இதில் இடித்துக்கொண்டார்கள், நான் உட்பட. நார்வே நாட்டின் குறியீடு ‘நோ’ என்று எழுதினால் பழைய யாமல் விதிப்படி அது ‘இல்லை’ என்று ஆகிவிடும். ஒரு தேசத்தையே இல்லை என்று சொல்லும் வடிவம்! டெபியனின் மக்குப் படிவத்தில் இந்தத் தொல்லை கிடையாது. அங்கே எல்லாமே எழுத்துதான்.

இன்னொரு கோணல் இதைவிட ஆபத்து. ஜாவாஸ்கிரிப்ட் உலகின் என்பிஎம் 2010-ல் வந்தது. அதன் பேக்கேஜ் விவரம் சுத்தமான ஜேசன்தான். ஆனால் அதற்குள் ‘போட்டு முடித்ததும் இந்தக் கட்டளையை ஓட்டு’ என்று எழுத ஒரு கட்டம் வைத்தார்கள். முன்வாசலில் பட்டியல், கொல்லைப்புறத்தில் நிரல். 2025 செப்டம்பரில் ஷாய்-ஹுலுட் என்று பெயரிடப்பட்ட ஒரு புழு இந்தக் கொல்லைப்புற வழியாகத்தான் புகுந்து, ஒரு பேக்கேஜிலிருந்து இன்னொன்றுக்குத் தானே பரவி 500-க்கும் மேற்பட்ட பேக்கேஜ்களைக் கெடுத்தது.

2024 மார்ச் 29-ஆம் தேதியும் எனக்கு மறக்காது. எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் சின்ன மென்பொருளில் யாரோ திட்டமிட்டு ஒரு திருட்டுக் கதவை வைத்திருந்தார்கள். ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற இன்ஜினீயர் தன் மிஷினில் லாகின் ஆக அரை வினாடி அதிகம் ஆகிறதே என்று துருவிப் பார்த்துக் கண்டுபிடித்தார். திருட்டை ஒளித்து வைத்திருந்த இடம் எது தெரியுமா? கட்டும்போது ஓடும் செய்முறை ஸ்கிரிப்ட். யாரும் படிக்காத இடம். அன்றிரவு எல்லா ஆபீஸிலும் ஒரே கேள்வி: 5.6.0 அல்லது 5.6.1 வெர்ஷன் நம்மிடம் இருக்கிறதா? நான் பொறுப்பில் வைத்திருந்த மிஷின்களில் பட்டியலைக் கேட்டேன். ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது, இல்லை என்று. நிம்மதியாகச் சாப்பிடப் போனேன்.

அதற்கு முன் 2021 டிசம்பரில் லாக்-ஃபோர்-ஜே பிரச்சினை வந்தபோது கதை வேறு. பொட்டலத்துக்குள் பொட்டலம், அதற்குள் பொட்டலம் என்று பட்டியலே இல்லாமல் கட்டி வைத்திருந்த மென்பொருள்கள். அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடியே வாரக்கணக்கில் கண் விழித்தோம். அப்போதெல்லாம் லேப் பெரியவரின் குரல்தான் காதில் கேட்கும்.

இப்போது அந்தக் குரல் சர்க்காரின் குரலாகவும் ஆகிவிட்டது. 2024 அக்டோபரில் இந்திய அரசின் கணிப்பொறி அவசர உதவிக் குழுவான செர்ட்-இன், ஒவ்வொரு மென்பொருளுக்கும் உள்ளே என்னென்ன பாகங்கள், எந்த வெர்ஷன், யார் செய்தது என்ற பட்டியல் வைத்திருக்க வேண்டும் என்று வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. எஸ்பாம் என்கிறார்கள். அரசுத் துறைகள், பொதுத்துறை நிறுவனங்கள், அத்தியாவசிய சேவைகள் மென்பொருள் வாங்கும்போது இதைக் கேட்க வேண்டும் என்கிறது அது. இறுதியாண்டு மாணவர்கள் கவனிக்க: இந்தப் பட்டியலைச் சரியாகத் தயாரிக்கவும், பார்த்துப் புரிந்துகொள்ளவும் இனி ஆட்கள் தேவைப்படுவார்கள். ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடி அலைகிறவர்கள், நம் கல்லூரி லேப் மிஷின்களில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு எஸ்பாம் தயாரித்தே தொடங்கலாம். ஹெச்.ஓ.டி. ஒப்புக்கொள்ளாவிட்டால் என்னைத் திட்ட வேண்டாம்.

போன மாதம் வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு ஃப்ளாப்பி கிடைத்தது. லேபிளில் என் கையெழுத்தில் ‘தமிழ் ஃபான்ட், முக்கியம், அழிக்காதே’ என்று இருக்கிறது. உள்ளே என்னென்ன ஃபைல் என்று எழுதவில்லை. படிக்க டிரைவும் என்னிடம் இல்லை. நண்பர்கள் யாரிடமாவது இருந்தால் சந்திப்பு நாளன்று கொண்டு வாருங்கள்.